இரண்டு கைகள் கொண்ட சுழலியை நான் தெரிவுசெய்த விதம்

என் தம்பியின் வீட்டு முன்னறையில், சுவரோரமாக, ஒரு கருங்கற் பலகையின் மேல் அந்த இசைத்தட்டுச் சுழலி இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் கதிரையில் அமர்வதற்கு முன்னரே அதைப் பார்த்துவிடுவார்கள், பார்த்ததும், “இதென்ன, றெக்கோட் போடுற பெட்டிக்கு ரெண்டு கை?” என்று கேட்பார்கள். தம்பி பொறுமையாக விளக்குவான். அவனுடைய விளக்கம் முன்பெல்லாம், “எங்கடை அக்காதான் கேட்டுத் தெரிஞ்செடுத்தவா” என்ற வசனத்தோடு முடியும். இப்போது அந்த வசனத்தை அவன் சொல்வதில்லை. என்னைப் புண்படுத்தக்கூடாது என்பதற்காக அதை விட்டுவிட்டான். அது ஏன் விடுபட்டது என்பதை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

நாங்கள் கிளிநொச்சியில், குளத்து நீர் பாயும் குடியேற்றத் திட்டக் காணியொன்றில் வளர்ந்தவர்கள். தம்பி இளவயதில் ஜேர்மனிக்குப் போனான். அங்கே தகடு அடிக்கும் தொழிற்சாலையொன்றில் முப்பது வருடங்கள் வேலை செய்து, ஓய்வு பெற்று, இரண்டு வருடங்களுக்கு முன் மனைவியோடு திரும்பி வந்தான். எங்கள் வளவின் முன்பாதியில் வீடு கட்டினான். பின்பாதியில் பழைய வீட்டில் நான் இருக்கிறேன். நான் மணம் செய்யவில்லை. ஆசிரியராகவும் பின்னர் பாடசாலை நூலகப் பொறுப்பாளராகவும் இருந்து ஓய்வு பெற்றவள்.

அவனுடைய மனைவி, என் மச்சாள், முல்லைத்தீவுக் கரையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். அவர்களுடைய திருமணம் ஜேர்மனியில் நடந்தது. அந்தத் திருமணம் வேண்டாம் என்று நான் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். நாலு பக்கம், பிழையே இல்லாத தமிழ். கடலோர மக்களைப் பற்றி அதில் நான் எழுதியவற்றை இங்கே திருப்பி எழுத என் கை கூசுகிறது. அந்தக் கடிதத்தை மச்சாள் வாசித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஊருக்கு வந்த நாள்முதல், மீன் வாங்கினால் நல்ல துண்டை முதலில் எனக்குத்தான் அனுப்புவார்.

தம்பி வந்தபோது இரண்டு காதுகளிலும் கேட்கும் கருவிகள் அணிந்திருந்தான். அதை அவன் மறைக்கவில்லை. அதை வைத்துப் பகிடி விட்டான். “முப்பது வருசம் மெசின் என்னோடை கத்தினது. இப்ப காதுக்குள்ளையும் ஒரு மெசின். அது சொல்லுறதை எல்லாம் நம்பேலாது, எல்லாப் பாட்டையும் தகரத்திலை அடிச்சமாதிரித்தான் சொல்லுது” என்பான். அப்படியானால் இவ்வளவு உயர்ந்த இயந்திரம் உனக்கு எதற்கு என்று கேட்டேன். “கேக்கிற கொஞ்சத்தையாவது நல்லாக் கேக்கவேணும் அக்கா” என்றான். அந்தப் பதிலில் குறைகாண எனக்கு எதுவும் இருக்கவில்லை.

அவனிடம் இருந்த இசைத்தட்டுகள் இரண்டு வகை. ஒன்று, எங்கள் அப்பாவுடையவை: சாவி கொடுத்து ஓடும் பழைய கிராமபோனுக்குரிய, கனத்த, எளிதில் உடையக்கூடிய தட்டுகள். நாதஸ்வரமும் தவிலுமாக இருபது அளவில் இருக்கும். அவை வவுனியாவில் உறவினர் வீட்டில் இருந்தபடியால் போருக்குத் தப்பியவை. மற்றது ஒரேயொரு நெடுந்தட்டு, எல்.பி. என்பார்கள். அது மச்சாளுடையது. அவருடைய ஊர்க் கோவிலின் பாடகர் குழு, கோவில் கட்டட நிதிக்காக, நெடுங்காலத்துக்கு முன் பாடி வெளியிட்ட ஞானப்பாடல்கள். அதன் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டை ஓர் இளம்பெண் தனியாகப் பாடுகிறாள். அந்தப் பெண் மச்சாளின் அக்கா. சுனாமி அவரைக் கொண்டுபோயிற்று. வீடும் படங்களும் போன பிறகு, அவருடையது என்று இந்த உலகத்தில் எஞ்சியது அந்தப் பாட்டு மட்டுமே. பிரான்சில் இருந்த ஒரு கன்னியாஸ்திரி தன்னிடமிருந்த தட்டைச் சில வருடங்களுக்கு முன் மச்சாளுக்கு அனுப்பியிருந்தார்.

சுழலியைத் தெரிவுசெய்த அன்று இது எனக்குத் தெரியாது. யாரும் எனக்கு மறைக்கவில்லை, நான் கேட்கவில்லை. கோவிற் பாட்டு என்று அறிந்ததோடு என் ஆர்வம் நின்றுவிட்டது.

இரண்டு வகைத் தட்டுகளுக்கும் ஓர் ஊசி போதாது. அப்பாவின் தட்டுகளில் தடம் அகலமானது, தடித்த ஊசி வேண்டும். நெடுந்தட்டின் தடம் மயிரிழை போன்றது, அதற்கு நுண்ணிய ஊசி வேண்டும். ஊசியைத் தாங்கும் ஒரே கையில் மாற்றி மாற்றிப் பூட்டுவது சலிப்பான வேலை. ஆகவே, இரண்டு கைகள் உள்ள சுழலியாக வாங்குவதென்று தம்பி முடிவு செய்தான். “ஒண்டு அப்பாவுக்கு, மற்றது அவவுக்கு. ஆரும் ஆருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை” என்றான். கொழும்பில் இப்படியான இயந்திரங்களை வரவழைத்து விற்கும் ஒருவரைப் பிடித்தான். அவர் இரண்டு சுழலிகளைக் கிளிநொச்சிக்கே கொண்டுவருவதாகவும், வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்து ஒன்றை எடுக்கலாம் என்றும், மற்றதை அன்றைக்கே தாம் திருப்பிக் கொண்டுபோய்விடுவதாகவும் ஒப்புக்கொண்டார்.

“என்ரை காதை நம்பி எடுக்கேலாது” என்று தம்பி என்னிடம் வந்தான். “அக்காவின்ரை காதுதான் வேணும்.”

அக்காவின் காது என்பது எங்கள் குடும்பத்தில் ஒரு பழைய புகழ். அப்பாவின் கிராமபோனில் சாவியின் இறுக்கம் தளரும்போது சுருதி மெல்ல இறங்கும். அப்பா உணர்வதற்கு முன்னரே நான் சொல்லிவிடுவேன். வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, பின்வரிசையில் முணுமுணுத்தது யார் என்று திரும்பிப் பார்க்காமற் சொல்வேன். பிள்ளைகள் என் காதுக்குப் பயந்தார்கள். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது.

தம்பி கேட்ட நாளில் அந்தக் காது இல்லை. அது போய் நாலைந்து வருடங்களாகியிருந்தன.

முதலில் எனக்கு இல்லாமற் போனது நுளம்பின் சத்தம். அந்த மழைகாலம் நுளம்பு குறைவு என்று நினைத்தேன். கையிலும் காலிலும் கடித்த தடிப்புகள் இருந்தபோதும் அப்படியே நினைத்தேன். பிறகு குக்கரின் விசில் போயிற்று. சோறு இரண்டுமுறை அடிப்பிடித்தது. அதன் பிறகு மனிதரின் பேச்சிலிருந்து சகரம் போன்ற மெல்லிய காற்றொலிகள் உதிரத் தொடங்கின. ஆண்களின் குரல் பெரும்பாலும் கிடைத்தது. பெண்களும் பிள்ளைகளும் பேசுவது, மூடிய கதவுக்கு அப்பாலிருந்து பேசுவதுபோல ஆயிற்று.

நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியைக்குக் காது கேளாமற் போனபோது, அவர் முன்னிலையிலேயே, “அவவுக்குக் கேக்காது, நீ சொல்லு” என்று சனங்கள் கதைத்ததை நான் கண்டிருக்கிறேன். அவர் அறையின் நடுவில் ஒரு தளபாடம்போல இருந்தார். அந்த நிலை எனக்கு வரக்கூடாது என்று தீர்மானித்தேன். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழும்படி என் கதிரையைப் போட்டேன். உதடுகளை வாசித்தேன். விளங்காதபோது சிரித்தேன். நிதானமானவள், யோசித்துப் பதில் சொல்பவள் என்று எனக்கு ஒரு நற்பெயர்கூடக் கிடைத்தது.

ஆகவே, தம்பி கேட்டபோது மறுப்பதற்கு எனக்கு ஒரேயொரு காரணம்தான் இருந்தது. அதைச் சொல்ல மனம் வரவில்லை. “ஓம், கேட்டுச் சொல்லுறன்” என்றேன். அதன்பின் நான் செய்தது என் வாழ்நாள் வழக்கப்படியான காரியம்: வாசித்தேன். சுழலிகளைப் பற்றியும் கைகளைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் இரண்டு வாரங்கள் குறிப்பெடுத்து வாசித்தேன். கேட்க முடியாத ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் எனக்குக் கிடைத்தன.

விற்பனையாளர் ஒரு சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் வந்தார். நாற்பது வயதளவில், அடக்கமான மனிதர். புளியங்குளத்திலிருந்து மாங்குளம் தாண்டும் வரை, பெட்டிகள் குலுங்கக்கூடாது என்று வானை மெல்ல உருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன, ஐஸ்பெட்டியோ?” என்று கேட்டாளாம். “இல்லை அக்கா, பாட்டுப்பெட்டி” என்றான் தம்பி. “பாட்டுக்கு ஃபோன் இருக்குத்தானே!” என்று அவள் சொன்னதாகத் தம்பி பிறகு சொல்லிச் சிரித்தான். எனக்கு அவளுடைய வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. நானும் சிரித்தேன்.

ஒரு சுழலியின் உடல் மரத்தாலானது, மற்றது உலோகத்தாலானது. இரண்டிலும் இரண்டிரண்டு கைகள். தடித்த ஊசிக்குரிய கையில், உலோகச் சுழலி மேலானது என்பதற்கு எந்தக் காதும் தேவைப்படவில்லை. அப்பாவின் தட்டொன்றைப் போட்டபோது தவிலின் இடது பக்கத்து ஒலி தரையால் வந்து என் உள்ளங்காலில் ஏறியது. தம்பி கண்ணைத் துடைத்தான். வித்தியாசம் இருந்தது நுண்ணிய ஊசிக்குரிய கையில். மரச் சுழலியில் அது நீளமாக, தட்டின் பின்புறமாகக் கிடந்தது. உலோகச் சுழலியில் அது குட்டையாக, மினுக்கமாக இருந்தது.

“நெடுந்தட்டெண்டா கடைசிப் பாட்ட வச்சுத்தான் ஒரு கைய எடை போடணும் ரீச்சர்” என்றார் விற்பனையாளர். அவர் என் எதிரே நின்று, கொழும்புத் தமிழில், தெளிவாகப் பேசினார். “நடுவுக்குப் போகப் போகச் சுத்து சின்னதாகும். ஊசிக்குக் கஷ்டம் அங்கதான். அதுவும் பொம்பிளக் குரல், ச, ஸ வாற சொல்லு. கவனிச்சுக் கேளுங்க.”

மச்சாள் தன் தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பில் மட்டும் விரல் படப் பிடித்து, அவரிடம் கொடுத்தார்.

மரச் சுழலியின் நீளக் கையில் அந்தக் கடைசிப் பாட்டு ஓடியது. எனக்குப் பஞ்சுப் பொதிக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல இருந்தது. மெட்டு வந்தது, சொற்கள் வரவில்லை. மச்சாள் கண்களை மூடி அசையாமல் இருந்தார். அந்த அசையாமையை நான் ஈடுபாடின்மை என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு உலோகச் சுழலியின் குட்டைக் கையில் அதே பாட்டு. சொற்கள் எழுந்து வந்து என்னைத் தொட்டன! எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒரு பெண்குரலின் சொற்களை நான் உதட்டைப் பாராமற் கேட்டேன். எனக்கு உடல் சிலிர்த்தது. அந்தச் சொற்கள் கிழிந்துகொண்டிருந்தன என்பதும், ஊசி தடத்தில் அமராமற் சீறுகிறது என்பதும், அந்தச் சீறலின் முரட்டுத்தனம்தான் என்னுடைய கேளாச் செவியைத் துளைத்து உள்ளே வந்தது என்பதும் எனக்குத் தெரியவில்லை. மச்சாளின் கை கதிரையின் பிடியை இறுக்கியதை நான் கண்டேன். கண்டும் அதற்கு உருக்கம் என்று பொருள் கொடுத்தேன்.

“எப்பிடி ரீச்சர்? அந்த ச, ஸ எல்லாம்?” என்று கேட்டார் அவர்.

அந்த ஒலிகள் எனக்குக் கேட்பதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இதைத் தெரியாமற் செய்தேன் என்று சொல்லி என்னால் தப்ப முடியாது. பதில் சொல்ல எனக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் தம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான், சின்ன வயதில் கிராமபோனுக்கு முன்னால் இருந்து பார்த்ததுபோல.

“முதலாவதிலை மேல் ஸ்தாயி மங்கல்” என்றேன். “இதிலை நல்ல தெளிவு. உச்சரிப்பு ஒவ்வொண்டும் தனித்தனியாய் நிக்குது.”

விற்பனையாளர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, மச்சாளின் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்க என்ன சொல்றீங்க?”

எங்கள் வீட்டில் எதையும் மூத்தவரிடம் முதலில் கேட்பார்கள். மூத்தவர் சொல்லிவிட்டால் மற்றவர்கள் ஓம் என்று சொல்வதற்காகத்தான் கேட்கப்படுவார்கள். சீலை எடுப்பதிலிருந்து காணி வாங்குவது வரை அப்படித்தான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அந்த இடம் என்னுடையதாக இருந்தது. மச்சாள் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு கணவனைப் பார்த்தார்.

“மச்சாள் சொன்னாச் சரிதான்” என்றார்.

“அப்ப முடிஞ்சுது!” என்று தம்பி கைதட்டினான். “நான் சொன்னனான்தானே, எங்கடை அக்காவுக்கு ஒரு தரம் கேட்டால் போதும்.”

பின்னேரம் மரச் சுழலி மறுபடியும் பெட்டிக்குள் போனது. வான் படலையைத் தாண்டிப் போகும்வரை மச்சாள் வாசலில் நின்றார். விருந்தினரை வழியனுப்பும் மரியாதை என்று நினைத்தேன்.

அதன் பிறகு மூன்று வாரங்கள், ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும் நேரத்தில், தம்பி இரண்டு கைகளையும் வேலை செய்ய வைத்தான். முதலில் அப்பாவின் தட்டு ஒன்று. பிறகு, மனைவியை மகிழ்விப்பதாக நினைத்து, அவருடைய தட்டின் கடைசிப் பாட்டு. “அவவுக்கு இதுதான் பிடிச்சது” என்று ஒலியைக் கூட்டியும் வைப்பான். நானும் போய் இருப்பேன். அந்த ஒரு குரலை நான் சொல்லுக்குச் சொல் கேட்க முடிந்ததால் ஆவலோடு போனேன் என்பதே உண்மை. பிறகு ஒருநாள் மச்சாள், தட்டைப் பத்திரமாக அலுமாரிக்குள் வைத்துவிட்டதாகவும் திருநாள் வந்தால் எடுக்கலாம் என்றும் சொன்னார். தம்பி வற்புறுத்தவில்லை. இரண்டாவது கையின்மேல் ஒரு வெள்ளைத் துணி போடப்பட்டது.

இப்படி ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை தம்பி சந்தைக்குப் போயிருந்தான். நான் முருங்கைக்காய் கொடுக்கவென்று முன் வீட்டுக்குப் போனேன். மச்சாள் முன்னறையில், மடியில் இசைத்தட்டின் உறையை வைத்துக்கொண்டு இருந்தார். உறையின் பின்புறத்தில் பாடல்களின் சொற்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

“சும்மா வாசிக்கிறீரே, போட்டுக் கேக்கலாமே?” என்றேன்.

அவர் எழுந்து, சுற்றி வந்து, என் முகத்துக்கு நேரே நின்றார்.

“வேண்டாம் மச்சாள். அது சீறுது.”

“எங்கை சீறுது? நான் கேட்டனான்தானே? நல்ல தெளிவாயெல்லோ இருந்தது.”

பிடிவாதமாக நானே துணியை எடுத்தேன். தட்டை வாங்கிப் போட்டேன். அதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். பாட்டு தொடங்கியது. எனக்கு அதே தெளிவு. ஆனால் அன்று நான் பாட்டை விட்டு மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். சில சொற்கள் வரும்போது அவருடைய கண்ணிமைகள் சுருங்கின, சூடான எண்ணெய் தெறித்ததுபோல. நான் சொற்களைக் கவனித்தேன். சகரம் வரும் சொற்களில் அது நடந்தது. தவறாமல் நடந்தது.

நான் கையைத் தூக்கிவிட்டேன்.

“இந்த இடத்திலை என்ன கேக்குது உமக்கு?” என்று கேட்டேன்.

“மண்ணிலை தகரத்தை இழுத்தமாதிரி” என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தாமல், உதடுகளைத் தெளிவாக அசைத்து, “உங்களுக்கு அது கேக்காதெண்டு எனக்குத் தெரியும் மச்சாள்” என்றார்.

எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டேன். வந்து இரண்டு மாதத்துக்குள் தெரிந்துவிட்டது என்றார். எதைச் சொல்வதானாலும் என் முன்னால் வந்து நின்று சொன்னதும், குசினி அடுப்படியில் பின்னாலிருந்து கூப்பிடாமல் தோளில் தொட்டதும் அதனால்தான். “நீங்கள் அதை ஆருக்கும் சொல்ல விரும்பேல்லை. நான் என்னெண்டு சொல்லுறது?”

“அண்டைக்குச் சொல்லியிருக்கலாம். உம்முடைய றெக்கோட்தானே.”

“அந்தக் கொழும்புக்காரருக்கு முன்னாலையோ?”

அப்போதுதான் அவர் அந்தப் பாட்டைப் பாடியது யார் என்று எனக்குச் சொன்னார். அதையும் குற்றம் சாட்டும் விதமாகச் சொல்லவில்லை. இவ்வளவு நாளும் நான் அறிந்திருப்பேன் என்று நினைத்ததாகச் சொன்னார்.

என் செவிட்டுத்தனம் வெளிப்படாமல் இருப்பதற்காக அவர் கொடுத்தது தன் அக்காவின் குரலை. நாலு பக்கக் கடிதம் எழுதியவளுக்கு அதைக் கொடுத்தார். இந்த இரண்டு வசனங்களையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு நான் நெடுநேரம் பேனாவை வைத்துவிட்டு இருந்தேன். இதற்கு மேல் அவற்றோடு எதையும் சேர்க்க எனக்குத் தகுதியில்லை.

தம்பியிடம் அன்றைக்கே சொன்னேன். அவன் சந்தையால் வந்து, கிணற்றடியில் குளித்துவிட்டுத் துவாயோடு நின்றான். சொல்லவேண்டியதை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தபடி, முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம் வரை சொல்லி முடித்தேன். அவன் கைவிரலால் காதைக் காட்டி, “பொறுங்கோ, கழட்டி வைச்சிட்டன்” என்றான். குளிக்கும்போது கருவிகளைக் கழற்றிவிடுவான் என்பதை நான் மறந்துபோயிருந்தேன்.

“எனக்குக் காது கேக்கேல்லை எண்டு சொல்லுறன்!” என்று இரண்டாம்முறை உரத்துச் சொல்லவேண்டியிருந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து வருடங்கள் மறைத்ததை ஒழுங்கையில் குடியிருக்கும் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டேன்.

தம்பி சிரித்தான். “உங்களுக்குமோ? அப்ப ரெண்டு செவிடுகள் சேர்ந்தோ இந்தப் பெட்டியை வாங்கினது?” என்றான். சிரித்து முடியுமுன் அவனுக்கு விளங்கிவிட்டது. “அண்டைக்கும் கேக்கேல்லையோ?”

“அண்டைக்கும் கேக்கேல்லை.”

“அப்ப அவவின்ரை றெக்கோட்?”

நான் தலையைக் குனிந்தேன். அவன் துவாயை மெதுவாக உதறிக் கொடியில் போட்டான்.

“முப்பது வருசத்திலை அவ என்னட்டை வாய் திறந்து கேட்டது இது ஒண்டுதான் அக்கா” என்றான். “பெட்டியைக் கேக்கேல்லை. அந்தப் பாட்டைக் கெடுக்காத ஒரு ஊசி வேணுமெண்டுதான் கேட்டவ. நான் அதை உங்களிட்டை ஒப்படைச்சன்.”

உள்ளே போய்விட்டான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த இரண்டு நாளும் என்னோடு மிகவும் பணிவாகக் கதைத்தான். சாப்பிட்டீங்களோ என்று கேட்டான். மூன்றாம் நாள், சுவரைப் பார்த்துக்கொண்டு, “நான்தான் ஒவ்வொரு நாளும் போட்டுத் தேய்ச்சனான்” என்று சொன்னான். அதை நான் மறுத்தபோது, விடுங்கோ என்று கையசைத்தான்.

கொழும்புக்காரரிடம் தொலைபேசியில் கேட்டதில், மரச் சுழலி விலைப்பட்டுவிட்டது என்றார். ஆனால் உலோகச் சுழலியின் குட்டைக் கையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு நீளக் கையைப் பூட்டலாம் என்றும், ஊசியையும் மாற்றித் தரலாம் என்றும் சொன்னார். கெட்டது திருந்துமா என்று தம்பி கேட்டான். ஊசி சரியாக அமராமல் ஓடினால் தடம் கொஞ்சம் கொஞ்சமாக அரிபடும், அரிபட்டது அரிபட்டதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று அவர் சொன்னாராம்.

அடுத்த மாதம் அவர் வந்தார். புதிய கையைப் பூட்டி, சின்னத் தராசொன்றில் ஊசியின் பாரத்தை நிறுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி ஒரு மணித்தியாலம் சரிபார்த்தார். நான் வரவில்லை என்றேன். மச்சாள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். பாட்டு முடிந்ததும் விற்பனையாளர் பழக்கத்தில் என் பக்கம் திரும்பி, “எப்பிடி ரீச்சர்?” என்றார். மச்சாளும் பழக்கத்தில் என்னைப் பார்த்தார்.

“என்னைக் கேக்காதேங்கோ” என்றேன். “எனக்குக் காது கேக்காது. அவவைக் கேளுங்கோ.”

அவர் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

“இப்ப நல்லா இருக்கு” என்றார் மச்சாள். “ரெண்டு இடத்திலை மட்டும் கொஞ்சம் கெட்டுப்போட்டுது. பரவாயில்லை.”

தம்பி பெருமூச்சு விட்டான். ரெண்டு இடம்தானே, ரெண்டு இடம்தானே என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த எண்ணை நானும் பற்றிக்கொள்ள விரும்பினேன். ஆனால் மச்சாள் பிறருக்காக எதையும் குறைத்துச் சொல்பவர் என்பதை அதற்குள் நான் படித்திருந்தேன்.

சில நாட்களின் பின், ஆஸ்பத்திரியில் என் காதுகளைச் சோதித்துக் கருவிக்கு அளவெடுத்திருந்தார்கள்; அது வர இன்னும் நாள் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தம்பி அயர்ந்துவிட்டான். நான் முன்னறைக்குப் போய் மச்சாளிடம் கேட்டேன்.

“அந்தப் பாட்டைப் போடும். கெட்டுப்போன இடம் வரேக்கை விரலைத் தூக்கிக் காட்டும். எனக்குத் தெரியவேணும்.”

“ஏன் மச்சாள் இப்ப அதெல்லாம்? நான்தான் சொன்னனே.”

“நீர் அவைக்குச் சொன்னீர். எனக்குச் சொல்லும்.”

அவர் அலுமாரியிலிருந்து தட்டை எடுத்துப் போட்டார். நீளக் கை மெல்ல இறங்கியது. அவர் எனக்கு எதிரே கதிரையில் இருந்து, வலக்கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். நீளக் கையில் அந்தப் பாட்டு எனக்கு மறுபடியும் பஞ்சுப் பொதிக்குள் போயிருந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் அவருடைய ஆட்காட்டி விரலைப் பார்த்தேன்.

முதலாவது அடியில் விரல் ஒருமுறை உயர்ந்து இறங்கியது. இரண்டாவது அடியில் ஒருமுறை. மூன்றாவதில் இரண்டுமுறை. அவர் கண்களை மூடிக்கொண்டார். விரல் தன்பாட்டில் நேர்மையாக எழுந்தது. ஒன்பதுவரை எண்ணினேன். அதன் பிறகு, பாட்டு தட்டின் நடுவை நெருங்க நெருங்க, விரல் இறங்குவதற்கு இடைவெளி கிடைக்கவில்லை. அது உயர்ந்தபடியே நின்றது. பாட்டு முடிந்து, தட்டு வெறுமனே சுற்றி, மச்சாள் கண்ணைத் திறக்கும்வரை அதிலிருந்து நான் பார்வையை எடுக்கவில்லை.